மறு: 6746328388800 போன்ற எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

> "Highly composite number" என்ற ஆங்கிலப் பெயரைத் தழுவி "மிகு பகு எண்" என்று வைத்தால் என்ன?

வரையறை இடம் தரவில்லை. தன்னைவிடச் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவு வகுத்திகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) உடைய எண் இது. வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகும். 1 பகு எண்ணும் அன்று, பகா எண்ணும் அன்று. 2 பகா எண்ணே. முதல் இரண்டு உறுப்புகளையே வெளியே தள்ளும் பெயர் நமக்கு வேண்டாம்.

> அப்படியானால் "காரணி மிகை எண்"?

இதில் இரண்டு சொல்லுமே இடிக்கின்றன. நம் எண்ணையே பிரித்துப் பாருங்கள்:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2 = 10080 வகுத்திகள். பகாக் காரணிகளோ 9தான். திரும்ப வருவதையும் சேர்த்தால் 19. "காரணி" என்று மட்டும் சொன்னால் மாணவர் 9, 19, 10080 மூன்றில் எதை எடுப்பார்? "வகுத்தி" என்றால் அந்தக் குழப்பம் இல்லை. "மிகை எண்" என்பதோ வகுத்திகளின் கூட்டுத்தொகையைப் பற்றியது: தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தன்னைவிட மிகும் எண். 20 மிகை எண் (1+2+4+5+10 = 22). ஆனால் அதன் 6 வகுத்திகள் 12க்கே இருப்பதால் நம் வரிசையில் 20 வராது.

ஆகவே என் பரிந்துரை: வகுத்தி விஞ்செண். பகு எண், பகா எண் போல இதுவும் வினையடியாகப் பிறந்த பெயர். முந்தையவற்றை விஞ்சுவதுதான் இதன் இலக்கணம்.

விளக்கக் குறிப்பில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். பகா எண்கள் ஏற ஏற அடுக்கு ஏறக் கூடாது. ஏறினால் அடுக்குகளை இடம் மாற்றி, அதே எண்ணிக்கை வகுத்திகளோடு சிறிய எண் செய்துவிடலாம். ஆனால் இது மட்டும் போதாது. 30 = 2×3×5 இதில் தேறும், 8 வகுத்திகள்; ஆனால் அதைவிடச் சிறிய 24க்கும் 8, ஆகவே 30 விஞ்செண் அன்று. கணித மேதை இராமானுசன் 1915இல் வெளியிட்ட இவ்வகை எண்களின் அட்டவணை 6746328388800இல் முடிகிறது. அதில் 293318625600 (5040 வகுத்திகள்) விடுபட்டது. கடைசி எண்ணிலிருந்து 23ஐ நீக்கினால் கிடைப்பது அதுவே!

---

> முந்தையவற்றை விஞ்சுவதுதான் இதன் இலக்கணம்

ஏற்கிறேன். சமமானால் விஞ்சியதாகாது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சமத்தையும் ஏற்கும் தளர்ந்த வகை ஒன்றை இராமானுசன் வரையறுத்தார். அந்தப் பகுதி 1997இல்தான் அச்சேறியது. 3 அவ்வகை: 2க்கும் 3க்கும் இரண்டிரண்டு வகுத்திகள். அதற்கு வகுத்தி தாழா எண் என்று வைக்கலாம். முந்தைய எதற்கும் தாழாதது. விஞ்செண் எல்லாம் தாழா எண். தாழா எண் எல்லாம் விஞ்செண் அன்று. இரண்டையும் சேர்த்தே கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவோம்.