31 முதல் 34 வரை எண்ணிட்ட நாற்காலிகள்: எங்கள் ஊர்ச் சினிமாக் கொட்டகையைப் பற்றி

காரைக்குடியிலிருந்து ஒருவர்:

சென்ற மாதம் பித்தளைப் பூட்டு ஒன்று தேடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருந்தேன். ஒரு கடையின் பின்கட்டில், பெயர்த்தெடுத்த நிலைக்கதவுகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் இடையே, ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைத்த நான்கு தேக்கு நாற்காலிகள் கிடந்தன. முதுகுப் பலகைகளில் வெள்ளைச் சாயத்தில் 31 முதல் 34 வரை எண்கள் இருந்தன. கடைக்காரர் சொல்வதற்கு முன்பே அவை எந்தக் கொட்டகையிலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்த மாலைகளில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த நான், இடைவேளையில் விளக்கு எரிந்ததும் திரும்பித் திரும்பிப் பார்த்த இருக்கைகள் அவை.

மறுநாளே கொட்டகைக்குப் போனேன். வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நகரும்படி கட்டிய அந்தக் குறுகலான சீட்டுச் சந்து அப்படியே இருக்கிறது. கூரைத் தகடுகள் பாதிக்கு மேல் போய்விட்டதால் மழைநீர் நேரே தரையில் விழுகிறது. திரைச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று ஆள் உயரத்திற்கு வளர்ந்து நிற்கிறது. காவலாளி பெரியவர் என்னை உள்ளே விட்டுவிட்டு, ‘பாம்பு இருக்கும், ஓரமாப் போங்க தம்பி’ என்று மட்டும் சொன்னார்.

சினிமாவுக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை. போர்க்கால நெருக்கடியில் சென்னையை விட்டு வந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார் நம் ஊரை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புத் தளம் அமைத்தார். 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. 1948இல் அவருடைய ஏ.வி.எம். நிறுவனம் சென்னைக் கோடம்பாக்கத்திற்குப் பெயர்ந்தது. எங்கள் கொட்டகையும் ஏறத்தாழ அந்தக் காலத்தில் எழுந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றும் படப்பிடிப்புக் குழுக்கள் நம் வளவுகளை, அதாவது பெரிய பரம்பரை வீடுகளை, தேடி வந்தவண்ணம் இருக்கின்றன. எடுப்பதற்கு நம் ஊர் வேண்டும், காட்டுவதற்கு வேண்டாம் என்பது போலாகிவிட்டது.

சீரழிவுக்குக் காரணம் தொலைக்காட்சி என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி நம் வீடுகளைப் பிடித்த அதே நோய், பங்கு. வளவு வீட்டிலாவது புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஓர் உள்வீடு என்று பிரித்துக்கொண்டு பொதுவிடத்தைச் சேர்ந்து பேணலாம். கொட்டகையில் ஒருவருக்குத் திரையையும் இன்னொருவருக்கு பால்கனியையும் எப்படிக் கொடுப்பது? ஆகவே ஒன்பது பங்காளிகளும் யாரும் தொடாமல் விட்டுவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்களும் படம் பார்த்தவர்களும் தங்கள் அனுபவங்களை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பங்காளிகளிடம் பேசப் போகும்போது அவை துணையாக இருக்கும்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:

1980களில் நான் அங்கே ஆபரேட்டருக்கு உதவியாளாக மூன்று ஆண்டுகள் இருந்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலை என்னவென்றே தெரியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். விளக்கு என்பது பல்பு அன்று. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே பாயும் மின்வில்லின் ஒளி. குச்சிகள் எரிய எரிய இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் மங்கும், தரையிலிருந்து விசில் பறக்கும். அதற்குள் திருகைத் திருப்பிக் குச்சிகளை நெருக்கிவிட வேண்டும். இரண்டாயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். அது முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அதைப் பார்த்ததும் இரண்டாவது எந்திரத்தை ஓட்டி, அடுத்த புள்ளியில் மாற்றுவோம். ஒரே பிரதியை ஊரில் இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொண்ட நாட்களில், முடிந்த சுருளைப் பெட்டியில் போட்டு சைக்கிளில் கொண்டு ஓடியவன் நான்தான். ஒருமுறை வழியில் தேர் குறுக்கே நின்றுவிட, இருபது நிமிடம் வெறுந்திரையைப் பார்த்த கூட்டம் என்னை அடிக்காமல் விட்டது கொப்புடையம்மன் புண்ணியம்.

டிஜிட்டல் முறை வந்தபோது புதிய கருவிக்குப் பணம் போட எந்தப் பங்காளியும் முன்வரவில்லை. சுருளில் படம் வருவதும் நின்றுபோயிற்று. கடைசி வாரத்தில் ஓர் இரவுக் காட்சிக்கு எட்டுப் பேர் இருந்ததாக என் ஆசிரியரான ஆபரேட்டர் ஐயா சொன்னார். எரிந்து தேய்ந்த கார்பன் துண்டுகளை அவர் ஒரு மிட்டாய் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அந்த டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது.

கண்டனூரிலிருந்து ஓர் அம்மையார்:

எங்கள் அப்பத்தா பெண்கள் பக்கத்துத் தடுப்புச் சுவர் அருகேதான் உட்காருவார். கூண்டு வண்டியில் சீடை டப்பாவோடு போய், சோகப் படமானால் மறுநாளும் போவார். அந்தத் தடுப்புச் சுவர் இன்னும் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர்:

நான் பழைய வீடுகளைச் செப்பனிடும் தொழிலில் இருக்கிறேன். அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஆச்சிக்கு முதலில் பதில்: தடுப்புச் சுவர் இடுப்பளவுக்கு நிற்கிறது.

சுவர்கள் நாம் அஞ்சும் அளவுக்குக் கெடவில்லை. அவை சுண்ணாம்புச் சுவர்கள். கெட்டது பிற்காலத்தில் யாரோ சிமெண்டு பூசிய இடங்களில்தான், ஏனெனில் சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமெண்டுப் பூச்சுக்குள் அடைபட்டு உள்ளிருந்தே அரிக்கிறது. அந்தப் பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புக் காரையைப் பூச வேண்டும். அதற்குக் கை பழகிய கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். முகப்புத் தரையில் உடைந்த பூக்கற்களுக்கு, அதாவது பூ வேலைப்பாட்டுத் தரை ஓடுகளுக்கு, அவை செய்யும் ஊரான ஆத்தங்குடியில் அச்சு கொடுத்தால் கண்ணாடியின் மேல் வார்த்து, நீரில் ஊறவைத்துத் தந்துவிடுவார்கள். ஆனால் இவையெல்லாம் பிறகு. முதல் செலவு கூரைக்கு. இரண்டாவது அந்த அரசங்கன்றை வேரோடு எடுப்பதற்கு. முகப்புக்கு வண்ணம் அடித்துப் படம் பிடித்துக்கொள்ளும் ஆசையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

அரசு தானாக வந்து காக்கும் என்று காத்திருக்க வேண்டாம். மத்தியத் தொல்லியல் சட்டப்படி நூறாண்டு நிறைந்தவையே நினைவுச் சின்னமாகும். இதற்கு அந்த வயது இல்லை. செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது, எனினும் எல்லோர் கண்ணும் மாளிகைகளின் மேல்தான். மதுரையில் 2,563 இருக்கைகளோடு 1952இல் திறந்த தங்கம் தியேட்டரே இடிபட்டுப் போயிற்று என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். இதை விடுதியாக்கும் யோசனையோடு சிலர் வருவார்கள். வளவுகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இங்கே அறைகள் கட்டத் தரையைச் சமப்படுத்தினால் சரிவு போய்விடும், சரிவு போனால் அது வெறுங்கட்டடம். நாடகம், பாட்டரங்கம், மாதம் இரண்டு படங்கள் என்று தொடங்கினாலும் அது கொட்டகையாகவே இருக்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து மீண்டும்:

ஒன்பது பங்காளிகளில் ஆறு பேர் கூரை வேலைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டார்கள். இருவர் மலேசியாவிலிருந்து தைப்பொங்கலுக்கு வருகிறார்கள்; ஒருவர் இன்னும் பிடிகொடுக்கவில்லை. தேவகோட்டை அண்ணே, அந்த மிட்டாய் டப்பாவை அன்று கொண்டுவாருங்கள். நாற்காலிகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன், கடைக்காரர் தை வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். 35 முதல் தொடங்கும் வரிசை யார் வீட்டுத் திண்ணையிலாவது கிடந்தால் தெரிவியுங்கள்.