லேப்டாப் கொதிக்குது, ப்ராசஸர் வேகத்தைக் குறைக்கலாமா? அவசரம்

மணிமொழி_92: கீபோர்டுல கை வைக்க முடியல, ஃபேன் நிக்கவே மாட்டேங்குது, சார்ஜ் ஒரு மணி நேரத்துல காலி. ப்ராசஸர் வேகத்தைக் குறைச்சா சரியாகுமா? எங்க குறைக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பொரிகடலை: எந்த ப்ராசஸர்? விண்டோஸா லினக்ஸா? சும்மா இருக்கும்போதே சூடா, வேலை கொடுத்தா மட்டுமா?

தெற்குவாசல்: ப்ராசஸர் மேல சூட்டைக் கடத்தப் பூசியிருக்கிற தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கும். கழட்டி மாத்துங்க, முடிஞ்சுது.

மணிமொழி_92: ஐ5. விண்டோஸ் 10.

கருவூலம்: ஐ5 2009லேருந்து வருது தம்பி. முழு எண் சொல்லாம கேட்டா ஜோசியம்தான் பாக்கணும். பழைய இழைகளைத் தேடிப் பாக்குற பழக்கமே யாருக்கும் கிடையாது.

மணிமொழி_92: ஐ5-8250யு.

பொரிகடலை: சரி. இதோட அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவுல, அதாவது வேலை கூடும்போது தானா வேகம் ஏத்திக்கிறப்போ, 3.4. பெட்டியில போட்டிருக்கிற 15 வாட் அடிப்படை வேகத்துக்குத்தான். டர்போ ஏறினா கொஞ்ச நேரத்துக்கு அதுக்கு மேல நல்லாவே இழுக்கும். வேகம் கூடினா வோல்ட்டேஜும் கூடணும். மின்சாரம் வேகத்தோடயும் ஏறும், வோல்ட்டேஜோட வர்க்கத்துலயும் ஏறும். உதாரணத்துக்கு 1.1 வோல்ட்டுல 3.4, 0.8 வோல்ட்டுல 1.6ன்னு வெச்சுக்கோங்க: வேகம் பாதி, மின்சாரம் கால்வாசி.

கண்ட்ரோல் பேனல் > பவர் ஆப்ஷன்ஸ் > சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ் > அட்வான்ஸ்டு > ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட். மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை பேட்டரி, பிளக்ட் இன் ரெண்டுலயும் 99 ஆக்குங்க, டர்போ நின்னுடும். மினிமம் 100ல இருந்தா 5 ஆக்குங்க, ஹை பர்ஃபார்மன்ஸ் பிளான்ல அப்படித்தான் இருக்கும்.

தெற்குவாசல்: வேகத்தைக் குறைச்சா வேலை முடிய ரெண்டு மடங்கு நேரம். முழு வேகத்துல முடிச்சுட்டுத் தூங்கவிட்டாத்தான் பேட்டரி மிச்சம்.

பொரிகடலை: அதே உதாரணத்துலயே பாருங்க: கால்வாசி மின்சாரம், ரெண்டு மடங்கு நேரம், மொத்தம் பாதி. வேலை முடிஞ்சதும் மொத்த மெஷினும் அணையும்னா உங்க கணக்கு செல்லும். இங்க ஸ்க்ரீனும் வைஃபையும் எப்படியும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்.

கருவூலம்: ரெண்டு பேருமே அரைகுறை. 99 போட்டா பெரிய எக்ஸெல் ஃபைல் இழுவையா இழுக்கும். வேகத்தை விட்டுட்டு வோல்ட்டேஜை மட்டும் குறைங்க: த்ராட்டில்ஸ்டாப்ங்கிற சாஃப்ட்வேர்ல கோர், கேஷ் (ப்ராசஸருக்குள்ள இருக்கிற நினைவகம்) ரெண்டுக்கும் ஒரே அளவு, மைனஸ் 50 மில்லிவோல்ட்ல ஆரம்பிச்சு பத்துப் பத்தா இறக்குங்க. ஒண்ணை மட்டும் இறக்கினா பலன் இருக்காது. ப்ளூ ஸ்க்ரீன் வந்து மெஷின் நின்னா 10, 15 மில்லிவோல்ட் மேல ஏத்திடுங்க. வேகம் குறையாது, சூடு குறையும்.

வடைமாலை: 2019 டிசம்பர்ல, வோல்ட்டேஜைக் குறைச்சுத் தாக்குற ப்ளண்டர்வோல்ட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும், நிறைய பயாஸ் (மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் இப்படி வோல்ட்டேஜ் மாத்துறதையே பூட்டிடுச்சு. எண் மாத்தியும் அசையலன்னா அதான் காரணம். அப்புறம் தெற்குவாசல், பேஸ்ட் காஞ்சா சூடு ஏறும், சரி. சார்ஜ் ஏன் ஒரு மணி நேரத்துல போகணும்? ஒண்ணு பேட்டரி தேஞ்சிருக்கணும், இல்ல பின்னாடி ஏதோ ஓடணும். எச்டபிள்யூஇன்ஃபோங்கிற சாஃப்ட்வேர்ல சிபியு பேக்கேஜ் பவர், அதாவது ப்ராசஸர் இழுக்கிற மின்சாரம், பாருங்க. சும்மா இருக்கும்போது 1லேருந்து 3 வாட்தான் இருக்கணும்.

தெற்குவாசல்: தூசி அடைச்சிருந்தாலும் சூடு ஏறும்.

வடைமாலை: ஏறும். ஊதும்போது ஃபேன் சுத்தாம ஒரு குச்சியால பிடிச்சுக்கணும், இல்லன்னா பேரிங் போயிடும்.

மணிமொழி_92: 99 போட்டேன். 95 டிகிரி இருந்தது 70க்கு வந்துடுச்சு. சும்மா இருக்கும்போது பவர் 9 காட்டுது. நன்றி எல்லாருக்கும்!

பொரிகடலை: 9 ரொம்ப அதிகம். டாஸ்க் மேனேஜர்ல சிபியு தலைப்பைத் தட்டி வரிசைப்படுத்துங்க. மேல எது நிக்குது?

வடைமாலை: மணிமொழி, இருக்கீங்களா?

தெற்குவாசல்: பேஸ்டும் மாத்திடச் சொல்லுங்க.