ஐடியலிஸ்ட் என்றால் வசவா?

கண்டனூர்ப் பங்காளி:
எங்கள் பூர்வீக வீட்டில் இருபது புள்ளிக்கு (குடும்பத்துக்கு) மேல் பங்கு. போன வாரம் எல்லோரும் கூடினோம். பர்மா தேக்குத் தூண்களைப் பெயர்த்துக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்றுவிடலாம் என்றார்கள். பழுதுபார்த்து நூலகம் ஆக்கலாம் என்றேன் நான். "இவன் ஐடியலிஸ்ட், விடுங்கப்பா" என்று, நடக்காததைக் கனவு காண்பவன் என்ற அர்த்தத்தில், ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். தத்துவத்தில் ஐடியலிசம் என்பது பொருளுக்கு முன்னால் மனம் என்கிற கட்சி. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. தேக்கு தேக்குதான், அதனால்தான் காப்பாற்றச் சொல்கிறேன். அந்தக் கட்சிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சம்பந்தம் இருக்கிறது தம்பி. இரண்டுக்கும் பாட்டன் பிளேட்டோ. கண்ணில் படுவதெல்லாம் குறையுள்ள நகல், அசல் வடிவம் புத்திக்கு மட்டுமே எட்டும் என்றார். அதோடு நின்றாரா? அந்த அசலைக் கண்டவன்தான் நாட்டை ஆள வேண்டும் என்றும் சொன்னார். இருப்பதை, இருக்க வேண்டியதை வைத்து அளக்கிற புத்தி அது. பூட்டிக் கிடக்கிற வீட்டில் நீங்கள் நூலகத்தைப் பார்த்ததும் அதே புத்திதான்.

சிராவயல் தோழர்:
பாட்டன் ஒருவர் என்பதற்காகப் பேரன்களின் நடத்தையும் ஒன்றாகிவிடுமா ஐயா? தத்துவவாதி பார்க்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் இருக்கிறது என்றால் யாரோ அதை உணர்கிறார்கள் என்றுதான் அர்த்தம் என்று 1710-இல் எழுதியவர். அசல் கருத்துமுதல்வாதி, அதாவது தத்துவத்து ஐடியலிஸ்ட். அவர்தான் அமெரிக்காவில் ரோட் தீவுக்குப் போய் அடிமைகளை விலைக்கு வாங்கினார். டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2023-இல் தன் நூலகத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது.

இந்தப் பக்கம் எங்கள் ஊரைப் பாருங்கள். சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவாவைப் பார்க்க 1927-இல் காந்தியே வந்தார். உமக்குச் சொத்து என்ன என்று கேட்டதற்கு, இந்தியாதான் என்றாராம் ஜீவா. பிறகு அவர் கம்யூனிஸ்ட் ஆனார், மனத்துக்கு முன்னால் பொருள் என்கிற பொருள்முதல்வாதி. கடைசிவரை சொத்து சேர்க்கவில்லை. இவர்களில் யாரை ஐடியலிஸ்ட் என்பீர்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தோழர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். பார்க்லி கடல் கடந்து போனதே பெர்முடாவில் கல்லூரி தொடங்கத்தான். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட 20,000 பவுண்டு வந்துசேரவே இல்லை. காத்திருந்து, 1731-இல் வெறுங்கையோடு திரும்பினார். கனவு கண்டு ஏமாந்த மனிதர் அவர்.

சிராவயல் தோழர்:
அடிமை வைத்துக்கொண்டு கண்ட கனவு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
யாரும் உணராத பொருள் இல்லை என்றால் எங்கள் பக்கம் பாதி வீடு இல்லாமல் போயிருக்கும். முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவே திறக்கிறது. (பார்க்லி பாதிரியாராம், ஆள் இல்லாத நேரத்தில் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று தப்பித்துவிட்டார். எங்கள் வீட்டில் பார்ப்பது கரையான்.)

எனக்குத் தெரிந்து இந்தப் பேச்செல்லாம் பணத்தில் போய்த்தான் முட்டும். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தாரே, அவரை யாராவது ஐடியலிஸ்ட் என்று ஓரங்கட்டினார்களா? வள்ளல் என்றார்கள். அதே ஆசையைக் கையில் காசில்லாதவன் சொன்னால் அது வசவாகிவிடுகிறது. நம் ஆட்கள் கணக்கில் தர்மத்துக்கென்று ஒதுக்கி மகமை என்று ஒரு பற்று எழுதினார்களே, அதனால்தான் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன.

முகப்பில் வாளி வைப்பவன்:
அந்த வார்த்தையைச் சொன்ன அண்ணன் நான்தான். தம்பி இருப்பது சென்னையில். மழை பெய்தால் தாழ்வாரத்து ஓடு வழியாகத் தண்ணீர் இறங்கி ஆத்தங்குடிக் கல் மேல் குளமாக நிற்கிறது. வாளி வைப்பதும் துடைப்பதும் நான். பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் கிடைப்பதே பாடு. நூலகம் என்கிறானே, திறந்து வைத்து உட்காருவது யார்? கோட்டையூர் ரோஜா முத்தையா வீடு நிறையப் புத்தகம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார், சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நூலகம் எங்கே வந்தது? சென்னையில்.

கண்டனூர்ப் பங்காளி:
அவர் சேர்க்கவே இல்லை என்றால் எதைச் சென்னைக்குக் கொண்டுபோயிருப்பார்கள் அண்ணே?

முகப்பில் வாளி வைப்பவன்:
அவர் தன் கைக்காசைப் போட்டுச் சேர்த்தார். நீ எவ்வளவு போடுகிறாய்? அதை முதலில் சொல். தூணை விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசுவோம்.