3 கெல்வினுக்குக் கீழே மறுபடி ஏறும் வளைவு: ஒழுங்கா, மாசா?

வணக்கம் நண்பர்களே. ‘நைட்ரோனில் நைட்ராக்சைடு’ வகை ராடிகல் (இணைசேரா எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு) படிகம் ஒன்றின் காந்தத்தன்மையை அளந்துகொண்டிருக்கிறேன். உலோக அணு ஒன்றுகூடக் கிடையாது. மூலக்கூறுக்கு ஒரு இணைசேரா எலக்ட்ரான், அவ்வளவுதான். மூலக்கூறுகள் ஒரே திசையில் சங்கிலியாக அடுக்கியிருக்கின்றன.

காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்துக்குப் படிகம் எவ்வளவு இசைகிறது என்பது) வெப்பநிலையைக் குறைக்கும்போது 12 கெல்வின் அருகே அகன்ற மேடாக வருகிறது. 1964இல் போனரும் ஃபிஷரும் கணக்கிட்ட ஒருபரிமாண எதிர்ஃபெரோகாந்தச் சங்கிலியோடு (பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள், அதாவது எலக்ட்ரான்களின் குட்டிக் காந்தங்கள், எதிரெதிராக நிற்க விரும்பும் சங்கிலி) அழகாகப் பொருந்துகிறது. பக்கத்து ஸ்பின்களுக்கு இடையிலான பிணைப்பின் வலிமை J சுமார் 18.7 கெல்வின். (சமன்பாட்டில் J-க்குப் பதில் 2J என்று எழுதுபவர்களுக்கு இதில் பாதிதான் வரும், ஒப்பிடும்போது கவனியுங்கள்.)

சிக்கல் அதற்குக் கீழேதான். 3 கெல்வினிலிருந்து வளைவு மறுபடி மேலே ஏறுகிறது. அறுந்த சங்கிலி முனைகளில் தனித்து நிற்கும் ஸ்பின்கள் தரும் வெறும் கியூரி வாலா (குளிரக் குளிர ஏறும் பகுதி)? அல்லது சாய்ந்த ஸ்பின்களால் வரும் மெல்லிய ஃபெரோகாந்தத்தின் தொடக்கமா? தனிச் சங்கிலி தானாக ஒழுங்குபடாது, பக்கத்துச் சங்கிலியின் இழுப்பு வேண்டும். அது எவ்வளவு என்றுதான் பிடிபடவில்லை.

எங்கள் கருவி 1.8 கெல்வினோடு நின்றுவிடும். 1991இல் வெளிவந்த இதே வகையைச் சேர்ந்த பாரா நைட்ரோஃபீனைல் படிகமே 0.6 கெல்வினில்தான் ஃபெரோகாந்தமானது. அதனால் இன்னும் கீழே போயே ஆக வேண்டும்.

கையில் 14 மில்லிகிராம்தான் இருக்கிறது. முதலில் வெப்ப ஏற்புத்திறன் அளக்கலாமா, மியுவான் சோதனைக்கு (மியுவான் துகள்களைச் செலுத்தி உள்ளே காந்த ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்பது) விண்ணப்பிக்கலாமா? கியூரி பகுதியை நேர்மையாகக் கழிக்க நீங்கள் என்ன செய்வீர்கள்? இதே மாதிரி படிகத்தோடு போராடியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வளைவின் தரவை அனுப்பத் தயார்.