கையேட்டின் வரிசையை எப்போது மீறலாம்? கிட் விமானம் கட்டுவோரின் அனுபவங்கள்

சேலம், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

பாகங்களாக வாங்கி நாமே சேர்த்துக் கட்டும் கிட் விமானத்தைக் கட்டும்போது கையேட்டில் கண்ட வரிசையை மாற்றலாமா என்று ஓமலூர் நண்பர் கேட்டிருந்தார். நாங்கள் சிலர் சேர்ந்து ஆர்வி-7 வகை அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டி வருகிறோம். சில இடங்களில் வரிசையை மாற்றினோம், ஓரிடத்தில் மாற்றவே கூடாது என்று பிடிவாதமாக நின்றோம். இரண்டையும் எழுதுகிறேன்.

வரிசை முழுவதும் ஒரே காரணத்தால் அமைந்ததன்று. வால், இறக்கை, உடற்பகுதி, இறுதிக் கட்டம் என்று இந்தக் கிட் தனித்தனியாக விற்கப்படுவதில் வாங்குபவரின் பணவசதியும் கைப்பழக்கமும் கணக்கில் கொள்ளப்பட்டிருக்கின்றன. வாலின் தகடு ஒன்று கெட்டால் மாற்றுவது எளிது. இறக்கையின் பெரிய தகடு கெட்டால் செலவும் காத்திருப்பும் கூடும். இத்தகைய வரிசையை மாற்றினால் விமானத்துக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் 'இந்தத் துளையில் இப்போது ரிவெட் அடிக்க வேண்டாம்' என்று கையேடு சொன்னால், பின்னால் வேறொரு பாகம் அதே துளைக்கு வந்து சேரவிருக்கிறது என்று பொருள். அங்கே கை வைக்கக் கூடாது. ஆகவே ஒரு வேலையை முன்னோ பின்னோ நகர்த்தும் முன், அது ஏதேனும் ஓர் இடத்தை மூடிவிடுகிறதா, மூடினால் உள்ளே கை நுழையுமா, ரிவெட் ஆணியை அடிக்கும்போது அதன் பின்புறம் இரும்புக் கட்டை பிடிக்க இடம் இருக்குமா என்று பார்ப்போம். கிளிகோ (துளையில் செருகித் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் ஊக்கு) போட்டு நிறுத்தியதைப் பிரித்துவிடலாம். ரிவெட் அடித்ததைப் பிரிக்கத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும், கை சற்று விலகினால் துளை பெரிதாகிவிடும்.

நாங்கள் தள்ளிவைத்தது எரிபொருள் தொட்டிகளை. இறக்கை வேலை நடந்தபோது சேலத்தில் சித்திரை வெயில். தொட்டியின் ஒவ்வொரு ரிவெட்டுக்கும் தடவ வேண்டிய சீலன்ட், அதாவது கசிவைத் தடுக்கும் பசை, இரண்டு பசைகளின் கலவை. எடையில் பத்துக்கு ஒன்று. பி-2 என்ற வகைக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்று டப்பாவில் போட்டிருப்பது 25 டிகிரி வெப்பத்துக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் உரிய கணக்கு. எங்கள் தகரக் கொட்டகையில் நாற்பதை நெருங்கும் வெப்பத்தில் அந்த நேரம் எவ்வளவு சுருங்கும் என்று அறிய, கொலுசுப் பட்டறைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, எலுமிச்சை அளவு பசையை மட்டும் நிறுத்துக் கலந்து பார்த்தோம். ஒரு ரிப்பின் (குறுக்குச் சட்டத்தின்) விளிம்பில் தடவி முடிப்பதற்குள் குச்சியோடு நூலாக இழுக்கத் தொடங்கிவிட்டது. தொட்டி இறக்கையின் ஸ்பாரோடு (நீளவாட்டில் ஓடும் முதுகெலும்போடு) திருகாணிகளாலும் போல்ட்டுகளாலும் மட்டுமே சேர்வதால், அதைப் பின்னர் செய்வதில் தடை இல்லை. ஆனாலும் அப்படியே ஒதுக்கிவிடவில்லை: சீலன்ட் இன்றிக் கிளிகோ போட்டு முழுத் தொட்டியையும் இறக்கையில் பொருத்தி, பக்கத்து முன்விளிம்புத் தகட்டோடு கோடு சேர்கிறதா என்று பார்த்து, துளைகளின் பிசிறை நீக்கிய பிறகே பிரித்து அடுக்கினோம். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஃபிளாப், எய்லரான் பாகங்களின் வேலைகள் முன்னுக்கு வந்தன. மார்கழிக் குளிரில் சீலன்ட் பதமாக நின்றது. பசை கைவிரலில் ஒட்டினால் போகாது என்பது மட்டும் எந்த மாதத்திலும் மாறவில்லை.

மாற்ற மறுத்தது, பின் ஸ்பாரை உடற்பகுதியோடு இணைக்கும் போல்ட்டின் துளையை. இறக்கையை உடற்பகுதியோடு சேர்த்து, இரு பக்கமும் பின்னோக்கிய சாய்வு இல்லை என்பதையும், காற்றை எதிர்கொள்ளும் கோணம் சமமாக இருப்பதையும் அளந்த பிறகே அந்தத் துளையை இட வேண்டும். எங்கள் கொட்டகை ஒடுக்கம். இரு இறக்கைகளையும் ஒன்றாக மாட்ட முடியாது. கணக்குப் போட்டு முன்கூட்டியே துளையிட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை, துளை விட்டத்தின் இரு மடங்கு உலோகம் மிஞ்ச வேண்டும். 5/16 அங்குல போல்ட்டுக்கு 5/8 அங்குலம். கோணம் சிறிது பிசகினாலும் அந்த ஓரம் குறையும். எனவே ஜவ்வரிசி மூட்டை அடுக்கும் கிடங்கு ஒன்று காலியாகும் வரை காத்திருந்தோம். அங்கே முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டுகள் தொங்கவிட்டு, கதவுகளைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, குண்டுகள் அசைவற்று நின்ற பின் அளந்தோம். வேலை தாமதமானது உண்மை. அந்தத் தாமதத்துக்காக நான் வருந்தவில்லை.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, தங்களுக்கு வெயில் செய்ததை இங்கே எங்களுக்குக் குளிர் செய்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், தை மாதக் காலையில், விமானியின் தலைக்கு மேல் வரும் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) கூரையை வெட்ட எனக்குத் துணிவில்லை. குளிர்ந்த அக்ரிலிக் எளிதில் விரிசல் விடும். விரிசல் ஓடத் தொடங்கினால் அந்தத் துண்டு முழுவதும் வீண். கையேட்டின்படி அந்த வேலை எனக்கு மார்கழியில் வந்து நின்றது. சட்டகத்தையும் பக்கவாட்டுத் தளங்களையும் முடித்துவிட்டு, கூரையைப் பெட்டியிலேயே விட்டு, மின்கம்பிகளுக்கும் பிரேக் குழாய்களுக்கும் தாவினேன். பங்குனியில் அதைக் கீழே சேலத்துக்கே கொண்டுசென்று வெட்டினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் போர்வை சுற்றிய கூரையை மடியில் அணைத்தபடி ஒருவர் கடந்தார்.



ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உற்சாகத்தில் எஞ்சினையும் மின்னணுத் திரைக் கருவிகளையும் முன்னரே வாங்குவதும் வரிசை மீறல்தான். இங்குள்ள பனியில் ஓடாத எஞ்சினின் உட்புறம் துருப்பிடிக்கும். மின்னணுக் கருவிகள் பொருத்தும் நாளுக்குள் பழைய மாதிரியாகிவிடும். அவற்றைக் கையேடு கடைசியில் வைத்திருப்பது மிகச் சரி.

ஓமலூரிலிருந்து, கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. பாதியில் விட்ட வேலை மறந்துபோகும் என்பதே என் பெரிய அச்சம். அதற்கு என்ன செய்கிறீர்கள்?

சேலம், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

திறந்து விட்ட துளைகளின்மேல் சிவப்பு டேப் ஒட்டி, கையேட்டின் எந்தப் பக்கத்தின் எந்தப் படியில் நின்றோம் என்று அதன்மேலேயே எழுதுகிறோம். அதே குறிப்பு, வேலை மீண்டும் தொடங்க வேண்டிய கையேட்டுப் பக்கத்திலும் இருக்கும். தகட்டில் எழுத நேர்ந்தால் மார்க்கர் பேனா மட்டுமே. பென்சிலின் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். டேப்பையும் வெயில் படும் இடத்தில் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். பசை தகட்டிலேயே தங்கிவிடும், பிறகு பிரைமர் அடிக்கும் முன் அதைத் துடைத்தெடுப்பது தனி வேலையாகிவிடும்.