ஷிபோரி: வெள்ளைக் கோடு கலங்குகிறது, நீலம் விரலில் ஒட்டுகிறது

கேள்வி:
வணக்கம். மல் துணியை விசிறிபோல் மடித்து, அதையே முக்கோணமாக்கி, இரு மரக்கட்டைகளுக்கு நடுவே கட்டி, ஷிபோரி என்னும் ஜப்பானியக் கட்டுச்சாயக் கலையின் இத்தாஜிமே முறையில் சாயமிட்டேன். அவுரி 1 பங்கு, சுண்ணாம்பு 2, பழச்சர்க்கரை 3. கலக்கிய கால் மணி நேரத்தில் துணியை இறக்கி, 20 நிமிடம் ஊறவிட்டேன். பிரித்தால் வெள்ளை வரவேண்டிய இடமெல்லாம் புகைபோல் நீலம். மூன்று முறை அலசியும் விரலில் ஒட்டுகிறது. அம்மாவுக்கென்று ஆசையாகச் செய்த விரிப்பு, மனம் ஆறவில்லை. எங்கே தவறினேன்?

பதில்:
துணியை இறக்கும்போது தொட்டி நீர் என்ன நிறம்?

கேட்டவர்:
நல்ல கருநீலம். அதுதான் சரி என்று நினைத்தேன்.

பதில்:
கோளாறு அங்கேதான். நீலமாக இருக்கும்வரை அவுரி நீரில் கரையாது. நூலுக்குள் போகாமல் துணிமேல் தூசியாகப் படியும். சுண்ணாம்பின் காரத்தில் சர்க்கரை வேலைசெய்து அதைக் கரைய வைக்க நேரம் கொடுங்கள். சுமார் 50 பாகைச் சூட்டில் வைத்து, நுரை எழாமல் மெல்லக் கலக்குங்கள். மேலே செம்புநிறப் படலம் மின்னும். கண்ணாடி டம்ளரில் முகந்தால் நீர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெளிந்திருக்க வேண்டும். அதுவரை துணியைத் தொடாதீர்கள்.

மற்றொரு பதில்:
புகைக்குக் காரணம் வேறு. உலர்ந்த துணியையா இறக்கினீர்கள்? கட்டிய பிறகு அரை மணி நேரம் வெறும் நீரில் ஊறட்டும். மடிப்புக்குள் தண்ணீர் முந்திக்கொண்டால் சாயம் எளிதில் நுழையாது. 20 நிமிடம் மிக அதிகம். 2 நிமிடம் முக்கி, நீலம் திரும்பும்வரை காற்றில் பிடித்து, மறுபடி முக்குங்கள். புதுத் துணியானால் முதலில் சலவை சோடாவில் கொதிக்கவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். ஒரே முறையில் சோர வேண்டாம். 1608 முதல் நிலைத்திருக்கும், ஷிபோரிக்குப் பேர்போன ஜப்பானின் அரிமாத்சு ஊரில்கூட, மரபுப்படி ஒருவர் ஒரே கட்டு வகையைத்தான் ஆயுள் முழுதும் பழகுவார்.

கேட்டவர்:
மறுநாள் காலை டம்ளரில் தேன்நிறம்! துண்டுத் துணி ஒன்றை முக்கி எடுத்தேன்; பச்சையாக வந்து, கண்ணெதிரே ஓரத்திலிருந்து நீலமானது. அலசிய நீரும் தெளிவு. பழைய விரிப்பை என்ன செய்யலாம்?

பதில்:
போன வெள்ளை திரும்பாது. ஒட்டும் நீலம் போகும்வரை சூடான சோப்பு நீரில் துவைத்து, அதே மடிப்புத் தடத்தில் மறுபடி மடித்து, இறுக்கிக் கட்டி முக்குங்கள். வெளிர்நீலத்தின் மேல் அடர்நீலப் பூ விழும்.

கேட்டவர்:
கட்டிவிட்டேன். தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.