பொத்தானை அழுத்தினால் கணினி தானே நிற்கிறது, தானே தொடங்குகிறது

மாடிப்படி:
என் மேசைக் கணினி காலையில் ஒரே அழுத்தலில் எழுந்திருப்பதில்லை. பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழல்கின்றன, கீபோர்டின் விளக்கு மின்னுகிறது, இரண்டு மூன்று நொடிகளில் 'டக்' என்ற சத்தத்தோடு எல்லாம் நின்றுபோகிறது. பிறகு நான் தொடாமலே மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை, பீப் ஒலியும் இல்லை. இப்படிப் பல சுற்று போனபின் ஒருவழியாக விண்டோஸ் வந்துவிடும். அதன்பின் இரவு வரை எந்தத் தொல்லையும் கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தனியே கழற்றி, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் இணைப்பில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்து அதை இயக்கி, மல்டிமீட்டரில் பார்த்தேன். 12.1 வோல்ட், 5.05 வோல்ட். அங்கே குறை இருப்பதாகத் தெரியவில்லை. மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

திருப்புளி:
பொறுங்கள், எதையும் வாங்கிவிடாதீர்கள்.

எத்தனை நொடியில் நிற்கிறது என்று எழுதினீர்களே, அதற்கே நன்றி. கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் அதைச் சொல்வதே இல்லை. கண் இமைப்பதற்குள் நின்றால் எங்கோ ஷார்ட். சரியாக 4 நொடியில் நின்றால் முன்பக்கப் பொத்தான் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பொத்தானை அவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தால் மதர்போர்டு கணினியை அணைத்துவிடும். உங்களுடையது இரண்டுமில்லை. குளிர்ந்திருக்கும்போது மட்டும் தகராறு செய்து, சூடேறியதும் ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு எஸ்எம்பிஎஸ் மேல்தான் சந்தேகம். அதற்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் வயதாகியிருந்தால் அவற்றின் உள்தடை குளிரில் மேலும் கூடும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சூடேறி, ஒரு கட்டத்தில் தாக்குப்பிடித்துவிடுகின்றன.

நீங்கள் எடுத்த 12.1 பொய்யில்லை. ஆனால் சுமையே இல்லாமல் எடுத்த அளவு அது. வெறும் வண்டியை இழுத்த மாடு நெல் மூட்டை ஏற்றினாலும் இழுக்கும் என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் மீண்டும் இணைத்து, மீட்டரின் கறுப்பு முனையை ஒரு கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை 24 பின் இணைப்பின் பின்புறமாகச் சாம்பல் நிற வயரிலும் வையுங்கள். 'மின்சாரம் நிலைபெற்றுவிட்டது' என்று மதர்போர்டுக்குச் சொல்லும் வயர் அது. இயக்கிய அரை நொடிக்குள் 5 வோல்ட் அளவுக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். 12 வோல்ட்டையும் அதே நிலையில் பாருங்கள். 11.4க்குக் கீழே போகக் கூடாது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

ஊசிமுனை:
ராமை ஏன் விட்டுவிட்டீர்கள்? ராம் மாற்றிய பிறகோ பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அதன் வேகத்தைக் கூட்டிய பிறகோ போர்டு தானாகவே சில முறை நின்று தொடங்கும். டிடிஆர்5 வகை ராம் என்றால் முதல் முறை சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் நடுவில் பிளக்கைப் பிடுங்குபவர்கள் உண்டு. ஒரே ஒரு ராமை வைத்து, பயாஸ் அமைப்பை அழித்து (பழைய இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து) பாருங்கள்.

திருப்புளி:
அதையும் செய்யட்டும், செலவில்லாத வேலை. ஆனால் எதையும் மாற்றாத கணினி தினமும் காலையில் மட்டும் இப்படிச் செய்வதற்கு ராமை நான் முதலில் குற்றம் சொல்ல மாட்டேன்.

மாடிப்படி:
இருவருக்கும் நன்றி. ஒரே ராமை வைத்தும், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றியும், பயாஸ் அமைப்பை அழித்தும் பார்த்தேன்; மாற்றமில்லை. இன்று காலை சாம்பல் வயரைப் பிடித்துப் பார்த்தேன். எண் மேலே ஏறத் தொடங்கி, நிலைக்காமல் சரிந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அதே நேரத்தில் அந்த 'டக்'. ஓடத் தொடங்கிய சுற்றில் மட்டும் 4.9இல் நின்றது. இன்னொரு கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் போட்டால் போதுமா? இரண்டிலும் கேபிள்களைக் கழற்றி மாட்டலாம் என்பதால், பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்ற நினைக்கிறேன்.

திருப்புளி:
கூடவே கூடாது! மதர்போர்டு பக்கத்து முனைதான் எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் வயர்களைத் தம் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்துகிறார்கள். பிளக் பொருந்திவிடும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஹார்டு டிஸ்க் கருகும். பெட்டியோடு வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். ப்ராசசருக்கான 8 பின் இணைப்பை மறக்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னும் பார்வைக்கு அதைப்போலவே இருக்கும்.

மாடிப்படி:
கேபிள்களோடு சேர்த்தே மாற்றினேன். இரவெல்லாம் அணைந்து கிடந்த கணினி முதல் அழுத்தலிலேயே எழுந்தது. புது எஸ்எம்பிஎஸ் வாங்கப் போகிறேன். இத்தனை முறை பாதியில் நின்றதில் டிஸ்க்குக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

ஊசிமுனை:
விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே நின்றிருப்பதால் கோப்புகள் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' விவரங்களைப் பார்த்து, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (கெட்டுப்போனதால் டிஸ்க் ஒதுக்கிவிட்ட பகுதிகள்) பூஜ்யமாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.